மூன்றரை லட்சம் ராண்ட் கோடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்கு மாதம் 17,000 ராண்ட், அம்மாவுக்கு 11,000. இரண்டும் பிடித்தம் போவதற்கு முந்தைய சம்பளம். கூட்டினால் 28,000, பன்னிரண்டு மாதத்துக்கு 336,000. என்எஸ்ஃபாஸ் எனப்படும் அரசின் மாணவர் நிதியுதவித் திட்டத்தில் உதவித்தொகைக்கான வீட்டு ஆண்டு வருமான வரம்பு 350,000. உள்ளேதானே இருக்கிறோம் என்று அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். டிசம்பரில் இருவருக்கும் பதின்மூன்றாவது செக் என்ற ஆண்டு போனஸ் வருகிறது, இன்னொரு 28,000. ஆண்டு மொத்தம் 364,000 ஆகிவிட்டது. வரித்துறையான சார்ஸின் பதிவில் ஏறுவது இந்தத் தொகை. என்எஸ்ஃபாஸ் சரிபார்ப்பதும் சார்ஸ் பதிவை வைத்துத்தான். 14,000 ராண்ட் கூடிப்போனதற்காகப் படிப்புக் கட்டணம், தங்குமிடம், புத்தகம், சாப்பாட்டுப் பணம் அத்தனையும் கைவிட்டுப் போகிறது. வருமானம் கூடக்கூட உதவி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் ஏற்பாடு இதில் இல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் முழு உதவி, அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

இப்படி நடுவில் மாட்டிக்கொண்டவர்களை இங்கே ‘மிஸ்ஸிங் மிடில்’ என்கிறார்கள். நர்ஸ், ஆசிரியர், தொழிற்சாலை சூப்பர்வைசர், கடைக் கணக்கர் என்று இருக்கும் நம் வீடுகளில் பல இந்த வகைதான். சம்பளம் வருகிறது, பாண்ட் எனப்படும் வீட்டுக் கடனைக் கட்டுகிறார்கள், கார் ஓடுகிறது. பிப்ரவரியில் பல்கலைக்கழகம் கேட்கும் தொகையை மட்டும் எடுத்துவைக்க முடியவில்லை.

இந்த 350,000 எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 2015 அக்டோபரில் ஜோஹனஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகம் அடுத்த ஆண்டுக்குக் கட்டணத்தை 10.5 சதவீதம் உயர்த்தப் போவதாக அறிவித்ததும் மாணவர்கள் வாசல்களை அடைத்தார்கள். போராட்டம் நாடு முழுக்கப் பரவி, அக்டோபர் 23 அன்று 2016-க்கு உயர்வே கிடையாது என்று அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்தச் சலுகை ஓர் ஆண்டோடு சரி. 2017-க்கு 8 சதவீதம் வரை உயர்த்திக்கொள்ள அனுமதி வந்தது. 2017 டிசம்பர் 16 அன்று அப்போதைய அதிபர் ஜேக்கப் ஜூமா, ஆண்டு வருமானம் 350,000 ராண்ட் வரை உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசுப் பல்கலைக்கழகப் படிப்பு இலவசம் என்றார். அதற்கு முன் என்எஸ்ஃபாஸ் வரம்பு 122,000. அப்படிப் பார்த்தால் அது பெரிய பாய்ச்சல்தான், பல்லாயிரம் வீடுகளில் முதல் பட்டதாரி வந்ததும் அதனால்தான். ஆனால் கோட்டை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். விலைவாசி ஆண்டுக்கு 4.5 சதவீதம் என்று வைத்துப் பார்த்தாலும், 2018-இல் 350,000 வாங்கியதை 2025-இல் வாங்கச் சுமார் 476,000 வேண்டும். சம்பளம் விலைவாசிக்கு ஈடாக ஏறிய ஒரு குடும்பம், ஒரு ராண்ட்கூடப் பணக்காரர் ஆகாமலே கோட்டைத் தாண்டிவிடுகிறது. இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

350,000 முதல் 600,000 வரை உள்ளவர்களுக்காக 2024-இல் 3.8 பில்லியன் ராண்ட் ஒதுக்கி ஒரு கடன் திட்டம் தொடங்கினார்கள். உதவித்தொகை போல அல்ல, இது திருப்பிக் கட்ட வேண்டிய கடன். உங்கள் பிள்ளை சேரும் ஆண்டில் அது திறந்திருக்கிறதா, எந்தப் படிப்புகளுக்கு முன்னுரிமை என்பதை என்எஸ்ஃபாஸ் தளத்தில் பார்த்து, வங்கிக்குப் போகுமுன் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். மாற்றுத்திறனாளி மாணவருக்கு உதவித்தொகை வரம்பே 600,000 என்பதும் பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

ஜூலையில் செய்ய வேண்டியது

பிள்ளை மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படிக்கும் ஆண்டின் ஜூலையில், இரண்டு பெற்றோரின் ஐஆர்பி5 படிவத்தையும் (நிறுவனம் தரும் ஆண்டு வருமான, வரிச் சான்று) மேசையில் வையுங்கள். 3699 என்ற குறியீட்டுக்கு எதிரே இருக்கும் தொகைதான் மொத்த வருமானம். கைக்கு வரும் சம்பளத்தையோ, மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கியதையோ வைத்து முடிவு செய்யாதீர்கள். மேலே சொன்ன குடும்பம் தவறு செய்தது அங்கேதான். வரி ஆண்டு மார்ச் முதல் பிப்ரவரி வரை ஓடுவதால், ஓவர்டைம் அதிகம் கிடைத்த ஆண்டு எது என்பதும் அதில் தெரிந்துவிடும்.

டர்பன் இருக்கும் குவாஸூலு-நட்டால் மாகாணத்தில் யூகேஇஸட்என் (குவாஸூலு-நட்டால் பல்கலைக்கழகம்), டியூடி (டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்), மங்கோசூத்து, ஸூலுலாந்து ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களுக்கும் சிஏஓ எனப்படும் மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாக ஒரே விண்ணப்பம். வழக்கமான கடைசி நாள் செப்டம்பர் 30. சிஏஓவுக்கு விண்ணப்பித்தால் என்எஸ்ஃபாஸுக்கும் போய்விடும் என்று நினைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. அது தனி விண்ணப்பம், ரெஸ் எனப்படும் விடுதிக்கு இன்னொரு விண்ணப்பம். மூன்றும் மூன்று வரிசை, ஒன்றில் நின்றால் மற்றதில் இடம் பிடித்ததாகாது. சாஸ்ஸா எனப்படும் அரசின் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் உதவித்தொகை பெறும் பிள்ளைக்கு வருமானச் சோதனை இல்லாமலே என்எஸ்ஃபாஸ் தகுதி உண்டு. விவாகரத்தான வீடாக இருந்தால் நீதிமன்ற ஆணை, ஒருவர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்றிதழ், இவற்றின் நகலைக் காவல் நிலையத்தில் இலவசமாக முத்திரையிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழைய முத்திரையைப் பெரும்பாலான அலுவலகங்கள் திருப்பிவிடும், எனவே ஜூலையில் போட்ட முத்திரை ஜனவரிக்கு உதவாது. அப்பா நடுவில் வேலை இழந்திருந்தால், நிறுவனத்தின் ஆட்குறைப்புக் கடிதமும் வேலையின்மைக் காப்பீட்டுக்கான யூஐ-19 படிவமும், என்எஸ்ஃபாஸ் மறுத்தால் செய்யும் அப்பீலுக்கு வேண்டும். சார்ஸ் காட்டுவது போன ஆண்டு வருமானத்தை. இந்த ஆண்டு அடுப்பு எரிகிறதா என்று அதற்குத் தெரியாது.

‘புரொவிஷனலி ஃபண்டட்’ என்ற செய்தி வந்ததும் வீட்டில் இனிப்பு செய்துவிடுகிறார்கள். தற்காலிக ஒப்புதல் என்பதுதான் அதன் பொருள். மாணவர் சேர்ந்த பிறகு பல்கலைக்கழகம் ரெஜிஸ்ட்ரேஷன் தரவை என்எஸ்ஃபாஸுக்கு அனுப்ப வேண்டும், அது பொருந்தினால்தான் பணம் நகரும். விண்ணப்பத்தில் உள்ள அடையாள எண்ணும் பல்கலைக்கழகத்தில் கொடுத்த அடையாள எண்ணும் ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் பணம் அங்கேயே நிற்கும். கடைசி நேரத்தில் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறியவர்களுக்கும், இரண்டு இடத்தில் பதிந்துவிட்டு ஒன்றை முறைப்படி ரத்து செய்யாதவர்களுக்கும் இதே கதிதான். ரெஜிஸ்ட்ரேஷன் முடிந்த வாரமே, நிதி உதவி அலுவலகத்தில் நின்று என் தரவு போய்விட்டதா என்று கேட்கும் பிள்ளை ஏப்ரலில் தவிக்காது.

அப்பா அம்மா வேலை செய்யும் நிறுவனத்தையும் கேளுங்கள். வருமான வரிச் சட்டத்தின் 10(1)(q) பிரிவின்படி, ஊழியரின் ஆண்டுச் சம்பளம் 600,000-க்குள் இருந்தால், அவருடைய பிள்ளைக்கு நிறுவனம் தரும் உயர்கல்வி பர்சரியில் (படிப்பு உதவித்தொகையில்) ஆண்டுக்கு 60,000 ராண்ட் வரை வரி இல்லை. 2018 மார்ச்சில் வந்த அளவு இது. நிறுவனத்துக்கும் அது செலவாகக் கழியும். சிறிய நிறுவனங்களுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது, எனவே கேட்பவர்தான் சொல்லித்தர வேண்டும். ஒன்று மட்டும் கவனம்: சம்பளத்தில் ஒரு பகுதியைக் குறைத்து அதற்கே பர்சரி என்று பெயர் மாற்றும் பழைய ஏற்பாடு 2021 மார்ச் முதல் செல்லாது. உண்மையிலேயே சம்பளத்துக்கு மேல் தருவதாக இருக்க வேண்டும்.

ஆசிரியர் வேலையில் விருப்பம் உள்ள பிள்ளைக்கு, ஆசிரியர் படிப்புக்கான ஃபூன்ஸா லுஷாக்கா என்ற அரசு பர்சரி இருக்கிறது. எத்தனை ஆண்டு பணம் வாங்கினோமோ அத்தனை ஆண்டு அரசுப் பள்ளியில் கற்பிக்க வேண்டும். விருப்பமில்லாமல், பணத்துக்காக மட்டும் இதில் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாதியில் விட்டால் வாங்கியது கடனாக மாறிவிடும்.

தனியார் கல்லூரிக்கு என்எஸ்ஃபாஸ் இல்லை. 26 அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் டிவெட் எனப்படும் 50 அரசுத் தொழிற்கல்விக் கல்லூரிகளுக்கும் மட்டும்தான். ‘எளிய தவணை’ என்று கடைவீதியில் பலகை வைத்திருக்கும் கல்லூரியில் கையெழுத்திடுமுன், உயர்கல்வித் துறையில் அதன் பதிவு எண்ணையும், அந்தக் குறிப்பிட்ட படிப்பு கல்வித் தகுதிகளைப் பதிவு செய்யும் சாக்வா அமைப்பில் எந்த என்க்யூஎஃப் (தேசியத் தகுதிக் கட்டமைப்பு) நிலையில் பதிவாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். வேலை விசாவில் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்திருப்பவர்களின் பிள்ளைகளுக்கும் என்எஸ்ஃபாஸ் கிடைக்காது. அவர்கள் வெளிநாட்டு மாணவர் கட்டணத்தையும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும்.

வங்கிக் கடனின் உண்மையான விலை

எல்லா வழியும் அடைந்தபின் மிஞ்சுவது வங்கி. மாணவர் கடனின் அமைப்பு எல்லா பெரிய வங்கிகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: படிக்கும் காலத்தில் வட்டியை மட்டும் பெற்றோர் மாதாமாதம் கட்டுவார்கள், படிப்பு முடிந்து ஒரு சலுகைக் காலத்துக்குப் பின், வாங்கிய தொகையான முதலைத் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். முதல் ஆண்டில் இது சின்னத் தொகையாகத் தெரியும். அங்கேதான் ஏமாந்துபோகிறோம்.

கணக்குக்காக ஆண்டுக்கு 100,000 ராண்ட், நாலு ஆண்டுப் படிப்பு, வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு மாதம் 917 ராண்ட். சமாளித்துவிடலாம். இரண்டாம் ஆண்டு 1,833, மூன்றாம் ஆண்டு 2,750, நாலாம் ஆண்டு 3,667. இதெல்லாம் வட்டி மட்டுமே, கடனில் ஒரு சதம்கூடக் குறையவில்லை. நாலு ஆண்டில் வட்டியாகக் கட்டியது 110,000. பிறகு 400,000 முதலை ஐந்து ஆண்டில் திருப்ப மாதம் சுமார் 8,700. ஆகமொத்தம் 400,000 வாங்கி ஏறக்குறைய 632,000 கட்டுகிறோம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் சம்பளத்தில் 8,700 எடுத்தால் மீதி என்ன இருக்கும் என்று இரண்டாம் ஆண்டிலேயே எழுதிப் பார்த்துவிடுங்கள்.

வட்டி விகிதமும் நிலையாக நிற்பதில்லை. பிரைம் எனப்படும் வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டி 2021-இன் பெரும்பகுதியில் 7 சதவீதம், 2023 மே மாதம் 11.75. அதே 400,000 கடனுக்கு, பிரைமில் வாங்கியிருந்தால் மாத வட்டி 2,333-இலிருந்து 3,917 ஆகிறது. ஆகவே வங்கி இன்று சொல்லும் வட்டி விகிதத்தோடு இன்னும் மூன்று சதவீதம் கூட்டித் தவணையைப் போட்டுப் பார்த்து, அதையும் தாங்க முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள்.

வட்டிக்கு மேலே ஒட்டிக்கொள்பவை தனி. மாதச் சேவைக் கட்டணம் வரியோடு 69 ராண்ட் வரை போகலாம். ஒவ்வோர் ஆண்டும் புதுக் கடன் கணக்குத் திறந்தால் நாலாம் ஆண்டில் நாலு 69. இருக்கும் கணக்கிலேயே தொகையைக் கூட்டித் தர முடியுமா என்று முதல் நாளே கேளுங்கள். கடன் ஆயுள் காப்பீட்டுக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு, இந்த மாதிரிக் கடனில் ஆயிரம் ராண்டுக்கு மாதம் 4.50. 400,000-க்கு அந்த உச்சத்தில் போட்டால் மாதம் 1,800. வங்கி காட்டும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்பது இல்லை. ஏற்கெனவே உள்ள ஆயுள் பாலிசியை ஈடாகக் காட்டும் உரிமையைத் தேசியக் கடன் சட்டம் தருகிறது. அதே சட்டப்படி வங்கி தரும் எழுத்து விலைக்குறிப்பு ஐந்து வேலை நாள் செல்லும். அந்த ஐந்து நாளை முழுவதும் பயன்படுத்தி இரண்டு வங்கித் தாளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் அவசரப்படுத்தினாலும் அசையாதீர்கள்.

கடைசி மூன்று மாத பேஸ்லிப்பையும் வங்கி அறிக்கையையும் கேட்பார்கள். ஜனவரியில் விண்ணப்பித்தால் அது அக்டோபர், நவம்பர், டிசம்பர். தீபாவளித் துணி கடைக் கணக்கில் எடுத்ததும், டிசம்பர் செலவில் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் டெபிட் ஆர்டர் ஒன்று பணமில்லாமல் திரும்பியதும் அந்த மூன்று மாதத்தில்தான் விழுகிறது. நல்ல சம்பளம் உள்ள வீடுகளே இதனால் நிராகரிக்கப்படுகின்றன. மெட்ரிக் ஆண்டு தீபாவளியைக் கைக்காசில் மட்டும் கொண்டாடுங்கள்.

வீட்டு பாண்டில் கூடுதலாக எடுத்துக் கட்டுவது மலிவா என்று பலர் கேட்கிறார்கள். வட்டி விகிதம் குறைவு, அது உண்மை. ஆனால் 100,000-ஐ 10.5 சதவீதத்தில் இருபது ஆண்டுக்குப் பரப்பினால் மாதம் 998, மொத்தம் சுமார் 239,600. ஐந்து ஆண்டில் முடித்தால் மாதம் 2,149, மொத்தம் சுமார் 129,000. பாண்டில் எடுத்தே தீர வேண்டுமென்றால், ஐந்து ஆண்டுத் தவணையை நீங்களாகவே கட்டி முடியுங்கள். தவணை தவறினால் போவது வீடு என்பதால், ஒருவர் சம்பளத்தில் மட்டும் ஓடும் குடும்பத்துக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்க்கும்போது 2018-க்கு முந்தைய என்எஸ்ஃபாஸ் கடன் நினைவுக்கு வருகிறது. ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தில் 80 சதவீதம்தான் வட்டி. எல்லாப் பாடத்திலும் தேறினால் கடனில் 40 சதவீதம் வரை உதவித்தொகையாக மாறும். வேலை கிடைத்து ஆண்டு வருமானம் 30,000-ஐத் தாண்டியபின்தான் சம்பளத்தில் 3 சதவீதத்தில் தொடங்கி 8 சதவீதம் வரை பிடிப்பார்கள். வேலை இல்லையென்றால் தவணை இல்லை. நடுவில் இருக்கும் குடும்பங்கள் அரசிடம் கேட்க வேண்டியது இந்த மாதிரியான கடனைத்தான். (அந்தக் காலத்தில் வாங்கியவர்களின் கடன் இன்னும் அப்படியே நிற்கிறது, இலவசம் வந்ததால் அழிந்துவிடவில்லை.)

பிணைக் கையெழுத்து

பெரியப்பாவோ மாமாவோ பிணைக்கு நிற்பது நம் வீடுகளில் சாதாரணம். ‘சும்மா ஒரு கையெழுத்துதான்’ என்று சொல்லித்தான் தாள் வரும். அதில் ‘எக்ஸ்கஷன்’, ‘டிவிஷன்’ என்ற இரண்டு சலுகைகளை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி இருக்கும். முதலாவதை விட்டால், கடன் வாங்கியவரிடம் முதலில் கேளுங்கள் என்று சொல்லும் உரிமை போகிறது. இரண்டாவதை விட்டால், பிணை நிற்பவர் மூவர் இருந்தாலும் முழுத் தொகையையும் ஒருவரிடமே வசூலிக்கலாம். இரண்டையும் விட்டவர் நடைமுறையில் கடன் வாங்கியவரேதான். தொகைக்கு உச்சவரம்பு எழுதாத பிணையில் கையெழுத்திடவே கூடாது. முதல் ஆண்டின் 100,000-க்கு என்று நினைத்துப் போட்ட கையெழுத்து, நாலாம் ஆண்டின் 400,000-ஐயும் வட்டியையும் பிடித்துக்கொள்ளும்.

ஆன்டிநப்ஷியல் எனப்படும் திருமணத்துக்கு முந்தைய சொத்து ஒப்பந்தம் எழுதாமல் சட்டப்படி பதிவான திருமணம் என்றால், கணவன் மனைவி சொத்து பொதுவானது. ஒருவர் பிணை நிற்க மற்றவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று 1984-ஆம் ஆண்டுத் திருமணச் சொத்துச் சட்டம் சொல்கிறது. மாமாவிடம் கேட்கும்போது மாமியையும் உட்காரவைத்துக் கேளுங்கள். சட்டத்துக்காக மட்டுமல்ல, பின்னால் வரும் மனக்கசப்புக்காகவும்தான்.

ஒரு பாடம் தவறினால்

கட்டணம் ஏறுவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். வீட்டுக் கணக்கை அதிகமாக உடைப்பது தவறிய பாடம். முதல் செமஸ்டர் கணக்குப் பாடத்தில் தோற்ற பிள்ளைக்கு, அந்தப் பாடம் பல இடங்களில் அடுத்த பிப்ரவரியில்தான் மறுபடி வரும். இரண்டாம் ஆண்டின் மூன்று பாடங்களுக்கு அது முன்தேவையாக இருந்தால் அவையும் தள்ளிப்போகும். ஒரே ஒரு பாடத்துக்காகப் படிப்பு ஓர் ஆண்டு நீள்கிறது. அந்தப் பாடத்தின் கட்டணம் சில ஆயிரம்தான், ஆனால் கூடவே ஓர் ஆண்டு வாடகை, சாப்பாடு, பஸ், கடன் மீது இன்னோர் ஆண்டு வட்டி, வந்திருக்க வேண்டிய முதல் ஆண்டுச் சம்பளம் எல்லாம் சேர்ந்து போகிறது.

என்எஸ்ஃபாஸ் மாணவருக்கு இது இன்னும் கடுமை. படிப்பின் குறைந்தபட்ச ஆண்டுகளும் கூட ஒன்றும், அவ்வளவுதான் பணம் வரும். மூன்று ஆண்டுப் பட்டத்துக்கு நாலு ஆண்டு. முதலில் இன்ஜினியரிங் சேர்ந்து பிறகு பி.காமுக்கு மாறினால், இன்ஜினியரிங்கில் கழித்த ஆண்டும் கணக்கில் சேரும்.

தாங்காது என்று தெரிந்த பாடத்தை விடுவதற்கும் முறை உண்டு. வகுப்புக்குப் போகாமல் இருந்துவிட்டால் பாடம் ரத்தாகாது, கட்டணம் முழுதாக ஓடும், மதிப்பெண் பட்டியலில் தோல்வி ஏறும். ரத்துப் படிவம் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். எந்தத் தேதிக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் குறையும், எந்தத் தேதிக்குள் பாதி, எப்போதிலிருந்து ஒன்றுமில்லை என்பது ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் கட்டணக் கையேட்டிலும் இருக்கும். அந்தத் தேதிகளைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள். உதவித்தொகையில் படிப்பவர் பாடத்தை விடுமுன் நிதி அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது அவசியம். பாட எண்ணிக்கை குறைந்தால் பணமும் நிற்கக்கூடும்.

தங்குமிடம் இன்னொரு ஓட்டை. 2023-இல் என்எஸ்ஃபாஸ் ஆண்டுக்கு 45,000 ராண்ட் என்று உச்சவரம்பு வைத்தபோது, கேப்டவுன் போன்ற நகரங்களில் வாடகை அதைத் தாண்டி நின்றது, மாணவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். வரம்புக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் பொறுப்பு. கல்வி ஆண்டு பத்து மாதம், வீட்டுக்காரர் நீட்டும் ஒப்பந்தம் பன்னிரண்டு மாதம் என்றால் அந்த இரண்டு மாத வாடகையும் உங்கள் தலையில்தான். கையெழுத்துக்கு முன் பேசி மாற்றுங்கள். சாட்ஸ்வொர்த்திலிருந்து யூகேஇஸட்என்னின் வெஸ்ட்வில் வளாகத்துக்கு தினமும் போய்வர முடிந்த பிள்ளை, முதல் ஆண்டில் ரெஸ்ஸுக்குப் போகாமல் இருப்பதே சேமிப்பில் முதலிடம்.

சங்கங்கள் என்ன செய்யலாம்

1929-இல் டர்பனில் சாஸ்திரி கல்லூரி எழுந்தது நம் முன்னோர் சேர்த்த பணத்தால். கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களின் பிள்ளைகள் காசு போட்டுத்தான் பள்ளிகளைக் கட்டினார்கள். அந்தக் கை இன்றும் இருக்கிறது, கோயில்களும் சங்கங்களும் ஆண்டுதோறும் பர்சரி தருகின்றன. ஆனால் தரும் விதத்தை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. இருபது பிள்ளைகளுக்குத் தலா 5,000 என்று மேடையில் காசோலை கொடுத்தால் 100,000 செலவாகிவிடும், யாருடைய கட்டணத்தையும் அது முடித்துவைக்காது.

அதே 100,000-ஐ ஜனவரி, பிப்ரவரியில் ரெஜிஸ்ட்ரேஷன் முன்பணத்துக்கான வட்டியில்லாக் கைமாற்றாக வையுங்கள். வேறு உதவி வரப்போகிறது, வந்து சேர மூன்று மாதம் ஆகும் என்ற நிலையில் நிற்கும் பத்துப் பேருக்குத் தலா 10,000. தைப்பூசக் காவடி நடக்கும் அதே வாரங்களில்தான் ரெஜிஸ்ட்ரேஷன் வரிசையும் நிற்கிறது, கோயிலில் எல்லாரும் கூடியிருக்கும் நேரம் அது. பணத்தை மாணவர் கையில் கொடுக்காமல், மாணவர் எண்ணைக் குறிப்பாகப் போட்டு நேரே பல்கலைக்கழகக் கணக்கில் செலுத்துங்கள். உதவித்தொகை வந்து கணக்கில் உபரி விழுந்ததும் சங்கத்துக்குத் திரும்பும் என்று தொடக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்றிரண்டு திரும்பாமல் போகும், அதை இழப்பாக எழுதிவிடுங்கள். மீதியை ஜூலையில் மறுபடி சுற்றவிடலாம். சங்கம் சார்ஸிடம் பொதுநல அமைப்பாகப் பதிந்து 18ஏ ஒப்புதல் பெற்றிருந்தால், நன்கொடை தருபவர் தம் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். கடைக்காரர்களிடம் இதைச் சொல்லிக் கேட்டால் தொகை கூடும்.

பாக்கி விழுந்துவிட்டால்

டிசம்பரில் கணக்கில் பாக்கி நின்றால் அடுத்த ஆண்டு ‘ஃபீ பிளாக்’ விழும். மதிப்பெண் மறைக்கப்படும், ரெஜிஸ்ட்ரேஷன் திறக்காது, படித்து முடித்திருந்தால் பட்டச் சான்றிதழைத் தர மாட்டார்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒரு பகுதியைக் கட்டி, மீதிக்கு ‘கடன் ஒப்புகை’ எழுதினால் விடுவிக்கும். நவம்பரிலேயே போய்ப் பேசுபவருக்கு நல்ல தவணை கிடைக்கும். பிப்ரவரி வரிசையில் நிற்பவருக்கு நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழி இருக்காது. அந்தத் தாளில் வட்டி எவ்வளவு, ஒரு தவணை தவறினால் முழுத் தொகையும் உடனே கேட்கப்படுமா, நீதிமன்றத் தீர்ப்புக்கு முன்கூட்டியே சம்மதம் தருகிறோமா என்ற மூன்று வரிகளையும் தேடிப் படியுங்கள். மூன்றாவது இருந்தால் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்று ஆண்டு யாரும் கேட்காவிட்டால் கடன் காலாவதி என்று சொல்வார்கள். சாதாரணக் கடனுக்கு அந்தக் காலவரம்பு உண்மைதான். ஆனால் நடுவில் ஒரு ஒப்புகை எழுதினாலோ, நூறு ராண்ட் கட்டினாலோ கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். சான்றிதழ் பல்கலைக்கழகத்தின் அலமாரியில் இருக்கும்போது இந்த வழியை நம்பி மூன்று ஆண்டு காத்திருப்பது வேலை தேடும் பிள்ளைக்கு நஷ்டம். வசூல் நிறுவனம் அழைத்தால், கடன் வசூலிப்போர் கவுன்சிலில் அவர்கள் பதிவு எண்ணையும், முதல், வட்டி, வசூல் கட்டணம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் அறிக்கையையும் எழுத்தில் கேளுங்கள். தேசியக் கடன் சட்டத்தின் கீழ் வரும் கடனில், தவணை தவறிய நாளில் நின்ற தொகைக்கு மேல் வட்டியும் கட்டணமும் சேர்ந்து ஏறக் கூடாது. 30,000 ராண்ட் பாக்கி எந்தக் காலத்திலும் 60,000-ஐத் தாண்ட முடியாது. தாண்டியிருந்தால் அந்த அறிக்கையோடு கடன் கொடுப்போரைக் கண்காணிக்கும் நேஷனல் கிரெடிட் ரெகுலேட்டரிடம் போகலாம், புகாருக்குக் கட்டணம் இல்லை.

கடைசித் தவணை போனதும் பாக்கி இல்லை என்ற கடிதத்தைப் பல்கலைக்கழகத்திடமோ வங்கியிடமோ எழுத்தில் வாங்குங்கள். பிணை நின்றவர் பெயருக்கும் ஒரு கடிதம் கேளுங்கள், விடுதலை அவருக்கும் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கடன் பதிவு அறிக்கையை இலவசமாகப் பெறும் உரிமை உண்டு. இரண்டு மாதம் கழித்து மாணவர், பிணையாளர் இருவரின் அறிக்கையையும் எடுத்து அந்தக் கணக்கு மூடப்பட்டதாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கடிதத்தோடு பரீட்சை அலுவலகத்துக்குப் போய், அலமாரியில் கிடக்கும் சான்றிதழைக் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டு வரலாம்.